ஒருத்தி சம்மதிக்காத கூட்டம்

என் மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தியின் குடும்பம் குவேக்கர் என்ற சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது. அந்தச் சபைக்காரர் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் முகாம் ஒன்றை நடத்துகிறார்கள். எட்டு வயது முதல் பதினேழு வயது வரை நாற்பது பிள்ளைகள். அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே உறங்க வேண்டும். தோழி போகிறாள், நானும் போகப் போகிறேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

அதுவரை ஓர் இரவுகூட எங்களைப் பிரிந்து வெளியே தங்காத பிள்ளை. வேண்டாம் என்று சொல்வதற்கு நான் காரணம் தேடிக்கொண்டிருந்தபோது தோழியின் தாய் தொலைபேசியில் அழைத்தார். முகாமில் சமைக்கும் இருவரில் ஒருவருக்குக் கை எலும்பு முறிந்துவிட்டதாம். நான் ஜேர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்வது அவருக்குத் தெரியும். “உனக்கு விடுமுறை இருந்தால் வருவாயா?” என்று கேட்டார். ஒரு நொடிகூட யோசிக்காமல் ஓம் என்றேன். நாற்பது பிள்ளைகளின் பசி என்னைக் கூப்பிடவில்லை. மகளைத் தனியே விட மனமில்லை, அதுதான் உண்மை.

மகளுக்கு இது பெரிய இடி. ஒரு பகல் முழுவதும் என்னோடு பேசவில்லை. பிறகு நிபந்தனைகளோடு வந்தாள்.

“அம்மா, நீங்கள் குசினிக்குள்ளயே இருக்கோணும். மேசைக்கு வந்து இன்னும் கொஞ்சம் போடட்டோ எண்டு கேக்கக்கூடாது. தமிழில என்னைக் கூப்பிடக்கூடாது.”

“பிறகு எந்தப் பாஷையில கூப்பிடுறது?”

“கூப்பிடவே வேண்டாம்.”

முகாம் நடந்த வீடு ஷ்வெபிஷ் ஆல்ப் மேட்டுநிலத்தில், பீச் எனும் நெடுமரங்கள் அடர்ந்த காட்டை ஒட்டி இருந்தது. ஒரு காலத்தில் பண்ணை வீடு. மாட்டுத் தொழுவத்தைக் கழுவி, பலகைத் தரை போட்டு, மண்டபம் ஆக்கியிருந்தார்கள். போய் இறங்கிய உடனே எனக்குப் புதினமாய்த் தெரிந்தது அவர்கள் ஒருவரையொருவர் அழைத்த விதம். எழுபது வயது மனிதரையும் எட்டு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட்டது. டொக்டர், ஆசிரியர், திருவாளர் என்று எந்தப் பட்டமும் இல்லை. முதியோர் இல்லத்தில் பத்து வருடமாய் என்னோடு வேலை செய்கிறவர்களே இன்னமும் நீங்கள் என்றுதான் என்னை அழைக்கிறார்கள். இங்கே வந்த பத்தாவது நிமிடத்தில் ஒரு சின்னப்பிள்ளை என் ஏப்ரனைப் பிடித்து இழுத்து, “நீதான் புதுச் சமையல்காரியா? உனக்கு அப்பம் சுடத் தெரியுமா?” என்றது.

முதன்மைச் சமையல்காரர் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். உயரமான மனிதர். வெங்காயத்தைத் தண்டவாளம் அளக்கிறவர் போல ஒரே தடிப்பில் வெட்டுவார். முதல் நாள் காலை, சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தொழுவ மண்டபத்துக்குப் போவதைக் கண்டேன். இது ஆராதனை நேரம் என்றார் அவர். நான் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். எனக்கு ஆராதனை என்றால் பீடம், மெழுகுதிரி, பாட்டு, மணி. ஏப்ரனைக் கழற்றிவிட்டு நானும் போனேன்.

உள்ளே சிலுவை இல்லை, பீடம் இல்லை. பாதர் எங்கே என்று தேடினேன். வட்டமாய்ப் போட்ட மர வாங்குகளில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு சிறு மேசை, அதன்மேல் காட்டுப் பூ வைத்த கண்ணாடிப் போத்தல். பாட்டுத் தொடங்கும் என்று காத்திருந்தேன். தொடங்கவில்லை. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னப்பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கால் மணித்தியாலம் போனதும் ஒரு பெண் எழுந்து அவர்களை வெளியே கூட்டிக்கொண்டு போனார். மற்றவர்கள் இன்னும் கால் மணித்தியாலம் அப்படியே இருந்தார்கள். பிறகு பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முடிந்துவிட்டதாம்.

எனக்குத் தலை வெடிக்கும்போல இருந்தது. இந்த நாற்பது ஐம்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள்? செபமாலையை மனதுக்குள் சொல்கிறார்களா? நித்திரையா? சமையலறைக்கு வந்ததும் கேட்டேவிட்டேன்.

“நீ உள்ளே இருந்து என்ன செய்தாய்?”

ரயில்வேக்காரர் யோசித்தார். “இன்றைக்கு மதியத்துக்குக் கிழங்கு காணுமா, குறையுமா என்று யோசித்தேன்.”

“அது பாவமில்லையா?”

“கிழங்கு காணாவிட்டால்தான் பாவம்,” என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல, “எல்லா நாளும் அப்படியில்லை,” என்றார். எல்லா நாளும் அப்படியில்லை என்றால் வேறு எப்படி என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது.

மூன்றாம் நாள் பிற்பகல், பெரிய பிள்ளைகள் மூன்று பேர் சமையலறைக்கு வந்தார்கள். அவர்களில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி கொப்பியும் பேனையும் வைத்திருந்தாள். தங்களுக்கு ஒரு யோசனை இருக்கிறது, அதற்கு என் உதவி வேண்டும் என்றாள்.

“நீ இலங்கையிலிருந்து அகதியாக வந்தவள் என்று கேள்விப்பட்டோம். அகதி முகாமில் இருந்திருக்கிறாயா? அங்கே என்ன சாப்பிட்டீர்கள்?”

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். தஞ்ச விண்ணப்பத்தை விசாரித்த அதிகாரி நிறையக் கேட்டார், ஆனால் அவர் கேட்டது நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்க. அதன் பிறகு ஒருவரும் கேட்டதில்லை. இந்தப் பெண்ணோ கண்ணை எடுக்காமல் கேட்டாள். சொல்லச் சொல்ல எழுதினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது போருக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி, மடு மாதா கோயில் வளவில் மாதக்கணக்காய்க் கூடாரத்தில் இருந்தோம். காலையில் ஒரு கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். கோப்பையோடு வரிசையில் நிற்க வேண்டும். ஒரு நாள் என் தம்பி தன் கஞ்சியை மணலில் கொட்டிவிட்டான். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது என்று பொய் சொல்லி என்னுடையதில் பாதியை அவனுக்கு ஊற்றினேன். அதையெல்லாம் அவர்களிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்றும் சொல்லிக்கொடுத்தேன். முகாமுக்கு ஒரு நாள் காய்ச்சித் தருவாயா என்று கேட்டார்கள். ஏன் தரமாட்டேன் என்றேன்.

அடுத்த நாள் பின்னேரம் முகாமின் கூட்டம். பிள்ளைகளே நடத்தும் கூட்டம். அதற்குத் தலைவர் கிடையாது, எழுதுபவர் என்று ஒருவர் இருக்கிறார். அந்த வருடம் எழுதியவன் பல்லுக்குக் கம்பி கட்டிய பதினேழு வயது இளைஞன். அங்கே வாக்கெடுப்பு இல்லை என்று ரயில்வேக்காரர் முன்பே சொல்லியிருந்தார். எல்லோருக்கும் சம்மதமானால் மட்டும் எழுதுபவர் முடிவை எழுதி, அங்கேயே வாசித்துக் காட்டுவாராம். நான் நம்பவில்லை. எங்கள் தமிழ் மன்றத்தில் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு எந்த மண்டபம் என்று தீர்மானிக்கக் கை உயர்த்தினோம். தோற்றவர்கள் போய் இன்னொரு மன்றம் தொடங்கினார்கள். நாற்பது பிள்ளைகள் ஒரே மனதாய் ஒரு முடிவுக்கு வருவதா? பார்க்க வேண்டும் என்று கிழங்கை அடுப்பில் அவிய விட்டுவிட்டு, கையைத் துடைத்தபடி மண்டபத்து வாசலில் போய் நின்றேன்.

கொப்பிக்காரப் பெண் எழுந்து தங்கள் யோசனையைச் சொன்னாள். ஒரு முழு நாள் எல்லோரும் அகதிகளைப்போல வாழ்ந்து பார்ப்பது. காலையில் ஒரு சிறு மூட்டையோடு காட்டுக்குள் எட்டுக் கிலோமீற்றர் நடப்பது. மதியம் வரிசையில் நின்று ஒரு கோப்பைக் கஞ்சி வாங்கிக் குடிப்பது. வேறு சாப்பாடு இல்லை. அந்த மனிதர்கள் பட்டதை எங்கள் உடம்பு கொஞ்சமாவது அறிய வேண்டும் என்றாள். அவள் சொன்னதில் விளையாட்டுத்தனம் துளியும் இல்லை. பிறகு கொப்பியைத் திறந்து வாசித்தாள். “நம்முடைய சமையல்காரி சிறுமியாக இருந்தபோது…” கோயில் வளவு, கிடாரம், வரிசை, மணலில் கொட்டிய கஞ்சி, பாதியை ஊற்றியது. நான் சொன்ன எல்லாம் இருந்தது. ஜேர்மன் மொழியில், மற்றவர் குரலில் கேட்கும்போது அது யாரோ ஒரு பிள்ளையின் கதைபோல இருந்தது. சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டிச் சிரித்தேன்.

கொஞ்ச நேரம் மௌனம். எழுதுபவன் எழுதினான். எழுதியதை வாசித்து, சம்மதமா என்று கேட்டான். சம்மதம், சம்மதம் என்று வாங்குகளிலிருந்து குரல்கள் வந்தன.

பின் வரிசையில் ஒரு கை உயர்ந்தது. என் மகள்.

“எனக்குச் சம்மதமில்லை.”

 வகுப்பில் கேள்வி கேட்டாலே குனிந்துகொள்கிற பிள்ளை என்று ஒவ்வொரு பெற்றோர் சந்திப்பிலும் ஆசிரியர் குறைப்படுகிற பிள்ளை. எழுதுபவன் பேனையைக் கீழே வைத்தான்.

“ஏன் என்று சொல்ல விரும்புகிறாயா?”

“இப்போது சொல்லத் தெரியவில்லை.”

காரணம் இல்லாமல் எதிர்க்கிறாயா என்று ஒரு பெரியவராவது கேட்பார் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. “அப்படியென்றால் கொஞ்சம் இருப்போம்,” என்றான் எழுதுபவன். எல்லோரும் இருந்தார்கள். நாற்பது பிள்ளைகளும் பத்துப் பெரியவர்களும், என் மகள் ஒருத்திக்காக, பேசாமல் இருந்தார்கள். அவள் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளே ஓடிப்போய், பரவாயில்லை, அவள் சின்னப்பிள்ளை, நீங்கள் எழுதுங்கள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது. குசினியை விட்டு வரக்கூடாது என்ற நிபந்தனை காலைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் எழுதுபவன் வேறொன்றை எழுதி வாசித்தான். நாங்கள் இன்னும் ஒரே மனதாய் இல்லை, நாளைக்கு இதைத் திரும்ப எடுப்போம். சம்மதமா? சம்மதம். என் மகளும் சம்மதம் என்றாள்.

கிழங்கு அடிப்பிடித்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக் கோப்பை கழுவும் முறை அன்றைக்கு மகளின் குழுவுக்கு. மற்றப் பிள்ளைகள் மேசை துடைக்கப் போன நேரம் பார்த்து அவளைப் பிடித்தேன்.

“ஏன் பிள்ளை அப்பிடிச் செய்தனி? எல்லாரும் சம்மதம் எண்டு சொல்லேக்க உனக்கு மட்டும் என்ன?”

அவள் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீங்கள் ஏன் அவைக்குச் சொன்னனீங்கள்?”

“கேட்டவை. சொன்னன்.”

“எனக்கு ஒருநாளும் சொன்னதில்லையே.”

“நீ கேட்டதில்லையே, பிள்ளை.”

“கேக்கலாம் எண்டு எனக்குத் தெரியாது.” கோப்பையை வைத்த சத்தம் பெரிதாய்க் கேட்டது. “மாமா கஞ்சியைக் கொட்டினது அவளின்ர கொப்பியில இருக்கு. நான் அதை நாப்பது பேருக்கு நடுவில இருந்து முதல்முதலாக் கேக்கிறன். எல்லாரும் திரும்பி உங்களைப் பாத்தவை. பிறகு என்னைப் பாத்தவை.”

 எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “மே மாசம் யுத்தத்தில செத்த சனத்தின்ர நினைவா எங்கட ஆக்கள் ரவுணில கஞ்சி காய்ச்சிக் குடுக்கேக்க நீயும்தானே கோப்பை நீட்டினனி? அது மட்டும் என்ன?” என்றேன்.

“அங்க குடிச்ச ஆக்கள் அழுதவை, அம்மா. இங்க இது ஒரு புரொயெக்ட்.”

பள்ளிக்கூடத்தில் குழுவாய்ச் செய்து புள்ளி வாங்கும் வேலைக்குச் சொல்லும் சொல் அது. கொப்பிக்காரப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. அவள் உண்மையாகத்தான் கேட்டாள். மகள் சொல்வதும் உண்மையாகத்தான் இருந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“நாளைக்கு நான் வந்து சொல்லட்டோ?”

“வேண்டாம். நானே சொல்லுவன். சொல்ல ஏலாட்டி பேசாம இருப்பன். அதுக்கும் இவை விடுவினம்.”

நாலு நாளில் அந்த இடத்தை அவள் என்னைவிட நன்றாக விளங்கி வைத்திருந்தாள்.

அடுத்த நாள் கூட்டத்துக்கு ரயில்வேக்காரர் அடுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னைப் போகச் சொன்னார். இந்த முறை வாசலில் நிற்காமல் உள்ளே போய், கதவோரத்து வாங்கில் இருந்தேன். எழுதுபவன் முந்தின நாள் எழுதியதை வாசித்தான். பிறகு மௌனம். அது எவ்வளவு நேரம் என்று தெரியாது. அன்றைக்குத்தான் எனக்கு அந்த மௌனத்துக்குள் வேலை இருந்தது. என் தம்பியைப் பற்றி யோசித்தேன். அந்தப் பாதிக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு அவன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது, அன்று பின்னேரம் அவன் தலையில் எப்படிக் குட்டினேன் என்று நினைவு வந்தது. கொப்பிக்காரியிடம் அதை நான் சொல்லவில்லை. சொன்ன கதையில் நான் நல்ல பிள்ளையாகவே இருந்தேன்.

மகள் எழுந்தாள். ஜேர்மன் மொழியில், மெதுவாய்ச் சொன்னாள்.

“அது என் அம்மாவுக்கு நடந்தது. அதை நான் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை. நான் கேட்பதற்கு முதல் நீங்கள் அதை நடித்துப் பார்ப்பது எனக்கு விருப்பமில்லை. அவ்வளவுதான்.”

திரும்ப வாங்கில் இருந்தாள். ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் மறுத்துப் பேசவும் இல்லை. நீண்ட நேரத்துக்குப் பிறகு கொப்பிக்காரப் பெண் எழுந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

“எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. இதற்காக நிறைய யோசித்தோம். ஆனால் அவளிடம் நாங்கள் கேட்கவில்லை என்பது உண்மை. அம்மாவிடம் மட்டும் கேட்டோம்.”

எழுதுபவன் எழுதினான். இந்த யோசனையை நாங்கள் செய்யவில்லை. சம்மதமா? சம்மதம் என்றார்கள். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று யாரும் ஒன்றையும் கொண்டு வரவில்லை. குறித்து வைத்த நாளில் பிள்ளைகள் காட்டுக்குள் நடந்தார்கள், வெறுமனே நடந்தார்கள். வந்து பருப்பும் ஷ்பெட்ஸ்லெ மாவுணவும் சாப்பிட்டார்கள். கொப்பிக்காரி என்னிடம் வந்து, எழுதிய தாள்களைக் கிழித்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நீயே வைத்திரு, ஆனால் தம்பியின் தலையில் நான் குட்டியதையும் சேர்த்து எழுது என்றேன். அவள் விளங்காமல் பார்த்தாள். பிறகு சிரித்து, அதையும் எழுதினாள்.

எனக்கு உண்மையான கேள்விகள் அதன் பிறகுதான் வந்தன. மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் ஓய்வு நேரம். அந்த நேரத்தில் மகள் தன் நிபந்தனைகளைத் தானே மீறிக் குசினிக்கு வரத் தொடங்கினாள். கிழங்குப் பெட்டியின் மேல் ஏறி இருந்துகொள்வாள். கஞ்சியைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

“தலை எங்க முழுகினனீங்கள்?”

“குளத்தில. சவர்க்காரம் இல்லாட்டி சீயாக்காய்.”

“டொய்லெட்?”

“காடு. அம்மம்மா வெளியில காவல் நிப்பா.”

“பெரிய பிள்ளையளுக்குப் பீரியட்ஸ் வந்தா என்ன செய்தவை?”

இதை எந்த அதிகாரியும் கேட்கவில்லை, எந்தக் கொப்பியிலும் இல்லை. நானும் யோசித்ததில்லை, எனக்கு அப்போது பத்து வயதுதான். ஆனால் என் பெரியக்காவுக்குப் பதினைந்து. கூடாரத்தின் பின்பக்கம் ஒரு கயிற்றில் பழைய சேலைத் துண்டுகள் காய்ந்ததும், அவற்றின் மேல் ஒரு பாவாடையை விரித்து அக்கா மறைத்து வைத்ததும் மூளையின் எந்த மூலையிலிருந்தோ எழும்பி வந்தன. அன்று பின்னேரமே கனடாவிலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவ முதலில் சிரித்தா. பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தா. எனக்கும் தெரியாத கதைகள்.

“தம்பியோட கோபமோ?” என்று மகள் ஒரு நாள் கேட்டாள்.

“அண்டைக்குக் கோபம்தான். குட்டினனான். பிறகு அவனை என்ர பக்கத்தில படுக்க விடேல்லை.”

அவளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கல்யாண வீடுகளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுகிற கொழுத்த மாமா, குட்டு வாங்கி அழுதுகொண்டு தனியே படுத்தான் என்பது. மாமாவுக்கு அப்போதே ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அவனுக்கு அது நினைவேயில்லையாம்.

முகாம் முடிந்து ரயிலில் திரும்பும்போது பாதி வழி கேள்வி, பாதி வழி நித்திரை. வீட்டில் என் கணவருக்குக் கூட்டத்துக் கதையைச் சொன்னேன். அவர் யாழ்ப்பாணத்தார், எதற்கும் முடிவு வேண்டும்.

“கடைசியில என்ன தீர்மானிச்சவை?”

“ஒண்டும் செய்யிறதில்லை எண்டு.”

“அதுக்கு ரெண்டு நாளோ?”

“ஓம்.”

“எங்கட மன்றம் ரெண்டா உடைய ஒரு நாள்தான் எடுத்தது,” என்றார்.

அடுத்த கோடையில் மகள் அந்த முகாமுக்குப் போகவில்லை. கைப்பந்துக் குழுவில் சேர்ந்துவிட்டாள், அவர்களுக்கு அதே வாரத்தில் பயிற்சி. நான் போகவா என்று ரயில்வேக்காரருக்கு எழுதிக் கேட்டேன். உடனே வரச்சொன்னார். பெட்டி கட்டும்போது கணவர் கதவடியில் வந்து நின்றார்.

“நீர் இனிக் குவேக்கரோ?”

“இல்லையே. போன ஞாயிறும் பூசைக்கு வந்தனான்தானே.”

“பிள்ளையும் போகேல்லை. பிறகு என்னத்துக்குப் போறீர்?”

“சமைக்க,” என்றேன். அது முழுப் பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும். மற்றப் பாதி என்னவென்று நானும் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.